உன் முகத்தைப் போடாத சுவரொட்டி

இன்று காலை கச்சேரி ரோட்டில் மைதாப் பசை வாசம் அடித்தது. ஒருவர் சைக்கிளை மதிலோரம் சாய்த்துவிட்டு, வாளியிலிருந்து பசையை அள்ளி அள்ளிச் சுவரில் இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பெரியவருக்கான கண்ணீர் அஞ்சலி. மேலே இரண்டு புறா, நடுவில் விளக்கு, கீழே வரிசையாகப் பேரன்கள். முன்பென்றால் நின்று, போனில் ஒரு படம் எடுத்து, கிண்டலாக ஒரு வரி சேர்த்து உனக்கு அனுப்பியிருப்பேன். இன்று காய்கறிப் பையோடு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டேன். அந்தப் பெரியவரின் கண் என்மேல் பட்டுவிடக் கூடாது என்பதுபோல.

நீ போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் வேறு வேலை வந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னிடம் பேசுவதற்கு முன்னால் வேறு இரண்டு பேரிடம் பேச வேண்டியிருந்தது. பேசிவிட்டேன். இனி நீதான் பாக்கி.

ராயப்பேட்டையில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்ததே நம் விளம்பர அலுவலகம், அங்கிருந்து தொடங்குகிறேன். நான் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ பெசன்ட் நகர்க் குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவாய். முதல் நாள் உன் பக்கத்து மேசையில் உட்கார்ந்தபோது மீன் வாசம் அடிக்கிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். நீ கவனித்துவிட்டாய். "அடிக்கும். அம்மா தலைல கூடையத் தூக்கி வுட்டுட்டுதான் வரேன்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாய். கோபமே இல்லை. அன்றைக்கு நான் கூசியது மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துபோயிற்று. கூச்சம் எனக்கு அப்படித்தான் வந்து வந்து போகும் அப்போது.

நம்மைச் சிநேகிதர்கள் ஆக்கியது அந்தப் புத்தகம். லஸ் பக்கம் நடைபாதையில் கிடைத்தது. முதுகு கிழிந்து, மழையில் நனைந்து உலர்ந்து, பக்கங்கள் அப்பளம்போல் நெளிந்து கிடந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் ஒட்டிய சுவரொட்டிகள். நமக்கு ஒரு வரி படிக்கத் தெரியாத மொழி. ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்கி, ஒரு வாரம் உன் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில் என்று வைத்துக்கொண்டோம். முன் பாதி சுவிட்சர்லாந்து. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, அளந்து வைத்ததுபோல் ஓர் ஓரமாக நிற்கும். மீதி இடம் முழுக்க அமைதி. பின் பாதி போலந்து. அங்கே சினிமாச் சுவரொட்டியில்கூட நடிகர் முகம் இருக்காது. ஒரு காலி நாற்காலி இருக்கும், அல்லது பொத்தானைக் கண்ணாக வைத்த ஒரு பறவை. எல்லாம் கையால் வரைந்தது, கிழித்து ஒட்டியது.

நான் ஆங்கிலத்தில் கிடைத்ததை எல்லாம் நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து உனக்குச் சொல்வேன். போரில் வார்சா நகரமே இடிந்து கிடந்தது, கட்டிக்கொண்டிருந்த இடங்களைச் சுற்றிப் பலகை வேலி போட்டார்கள், அந்த வேலிகளில்தான் இந்தப் படங்களை ஒட்டினார்கள், சாம்பல் நிறத் தெருவில் நிறம் என்றால் அதுதான் என்று சொன்னேன். நீ அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாய்.

"வூட்ல செத்துப்போனவன் இல்லாத ஆளே அந்த ஊர்ல இருந்திருக்க மாட்டான் இல்ல?"

"ஆமாம்."

"அவன் வேலிக்குப் பக்கத்தால நடந்து போறான். இந்த நாற்காலியப் பாக்கறான். காலி நாற்காலின்னா இன்னான்னு அவனுக்கு யாரும் சொல்ல வேணாம். அத்தான் மேட்டரு."

நான் தலையாட்டினேன். நீ சொன்னது எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். என் கவனமெல்லாம் அந்த நாற்காலியின் கோடு எவ்வளவு அழகாக வளைகிறது என்பதில் இருந்தது.

தி. நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஆடித் தள்ளுபடி விளம்பரத்தில் பாதிப் பக்கத்தை வெள்ளையாக விட்டு, ஒரு மூலையில் மடித்த புடவை ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "தம்பி, இம்புட்டு எடம் சும்மா கெடக்கே. காசு குடுத்த எடம்லா? அதுல நாலு சேலையப் போடுங்க, சுடிதார் போடுங்க, பிள்ளையளுக்கு ஒரு பாவாடை போடுங்க" என்றார். படி இறங்கும்போது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊருக்கு ரசனையே கிடையாது என்றேன். நீ சிரித்துக்கொண்டே வந்தாய். "அவரு கடைக்கு வர்றவங்க குடும்பத்தோட வர்றாங்க ஜானகி. பாவாடைய போட்டாதான் பொண்ணையும் இட்டுனு வருவாங்க" என்றாய். நீ விட்டுக்கொடுக்கிறவன் என்று அன்று முடிவு கட்டினேன். பல வருஷம் உன்னைப் பற்றிய என் எண்ணம் அதுதான்: கை நல்ல கை, ஆனால் உறுதி போதாது.

அதையே உன் அம்மா இறந்தபோதும் நினைத்தேன். அந்தச் சுவரொட்டியை நீயே செய்தாய். முக்கால் தாளுக்கு அம்மாவின் முகம், வெற்றிலைக் கறைப் பல் தெரிய. இரண்டு புறா, மெழுகுவத்தி, மேகம், கீழே சொந்தக்காரர்கள் எல்லாரும். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு ஓரம். அடையாற்றில் அவர் கூடை தூக்கிப் போன தெருவெல்லாம் ஒட்டச் சொன்னாய். துக்கத்தில் இருக்கிறாய் என்றும் பார்க்காமல் கேட்டேன்: "நீயா இதைப் பண்ணினே?"

"அம்மா பேரு அந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. 'மீனு'ன்னுதான் கூப்டுவாங்க. மூஞ்சியப் பாத்தாதான் தெரியும்" என்றாய்.

அன்று மாலை குப்பத்துக்குக் கார்களில்கூட ஆட்கள் வந்தார்கள். அடுக்குமாடிப் பெண்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், ஒரு பல் டாக்டர். எல்லாரும் உன் அம்மாவிடம் மீன் வாங்கியவர்கள். நான் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் அந்தச் சுவரொட்டி உன் சறுக்கல் என்றுதான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

பிறகு நீ தங்கை ஸ்டெல்லாவின் குடும்பத்தோடு வேளச்சேரிக்குப் போனாய். நான் வடிவமைப்புக் கல்லூரியில் பாடம் எடுக்கப் போனேன். போலந்தையும் சுவிட்சர்லாந்தையும் திரையில் காட்டி, வெற்றிடம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள்.

அன்று காலை ஸ்டெல்லாதான் போன் செய்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டாய் என்றாள். நான் ஓடி வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அடக்கம் மறுநாள் மாலை என்று முடிவாயிற்று. ஸ்டெல்லாவின் மகன் டேனி ஆம்புலன்சுக்கும் பெட்டிக்கும் ஓடிக்கொண்டிருந்தான். எனக்கும் ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. "போஸ்டரை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஸ்டெல்லா முகத்தைத் துடைத்துக்கொண்டு பீரோவைத் திறந்து ஒரு போட்டோ கொடுத்தாள். கடற்கரையில் நீ வாய் திறந்து சிரிக்கும் படம். "இத்த பெருசா போடுங்கக்கா. குப்பத்து ஆளுங்க நம்பர் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல, அண்ணன் போனையும் தொறக்க முடியல. சொந்தக்காரங்களும் அங்க இருந்து காலி பண்ணி எங்கெங்கியோ போய்ட்டாங்க. போஸ்டரப் பாத்தாதான் அவங்களுக்குத் தெரியும்" என்றாள். "படக்காரன்னும் போடுங்க. பேரு போட்டா யாருக்குத் தெரியப்போவுது." சின்ன வயதிலிருந்தே படகுகளில் மீனும் கண்ணும் வரைந்து கொடுத்ததால் உனக்குக் குப்பத்தில் அந்தப் பெயர். பிறகு ஒரு தாளில் வீட்டார் பெயர்களை எழுதித் தந்தாள். அழுதுகொண்டே எழுதியதால் சில இடத்தில் மை கலங்கியிருந்தது.

நான் வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தேன். உன் போட்டோவைத் திரையில் வைத்தேன். பார்க்க முடியவில்லை. அது உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று உன்னிடம் சொன்னால் பொய்யாகும். புறாவும் மெழுகுவத்தியும் போட்ட ஒரு தாளில் என் கை பட்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. உனக்கு ஒரு போலந்துச் சுவரொட்டி செய்யப்போகிறேன் என்று எனக்குள் சொன்னேன். நீ வாழ்நாள் முழுக்க அண்ணாச்சிகளை வைத்துக்கொண்டு செய்ய முடியாததை உன் சாவுக்காவது செய்வேன் என்று. வெள்ளைத் தாள். கீழே ஒரே ஒரு கறுப்புக் கோடு, அதுதான் கடல். அதில் பாதி மூழ்கிய ஒரு பென்சில். ஓரத்தில் சின்ன எழுத்தில் உன் ஞானஸ்நானப் பெயர், கோயில், நேரம். படக்காரன் என்று ஒருமுறை அடித்துப் பார்த்தேன். அந்த வரி அமைதியைக் கெடுத்தது. எடுத்துவிட்டேன். ஸ்டெல்லா எழுதித் தந்த பெயர்களுக்கு இடமே இல்லை. தாளில் முக்கால் பங்கு காலியாக இருந்தபோது இடம் இல்லை என்று நினைத்திருக்கிறேன், பார்.

அச்சானதை வாங்க டேனி வந்தான். ஒன்றை விரித்துப் பார்த்தான்.

"ஆன்ட்டி, மாமா மூஞ்சி இல்லியே."

"உங்க மாமாவுக்கு இதுதான் பிடிக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். பெரியவள், மாமாவோடு வேலை பார்த்தவள், கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறவள். என்ன சொல்லுவான்? சுருட்டிக்கொண்டு போனான். பெசன்ட் நகர், அடையாறு, வேளச்சேரி எல்லா இடத்திலும் அன்றைக்கே ஒட்டினான். மதிலில் ஒட்டியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். சுற்றிலும் அரசியல் கட்சிகளும் கோச்சிங் சென்டர்களும் கூச்சல் போட, நடுவில் உன் வெள்ளைத் தாள் தனியாக நின்றது. எனக்குக் கண் நிறைந்தது. அதை வடிவமைப்பாளர்கள் குழுவில் போட்டேன்.

மறுநாள் மாலை கோயிலில் கூட்டம் இல்லை. முன் வரிசைகளில் ஸ்டெல்லா வீட்டுக்காரரின் உறவினர்கள், நம் பழைய அலுவலகத்தில் சிலர், என் மாணவர்கள் சிலர். பின்னால் பெஞ்சுகள் காலி. பூசை நடக்கும்போது ஸ்டெல்லா வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாட்டு முடிந்த ஓர் இடைவெளியில் என் பக்கம் சாய்ந்து, "ஜனமே வரலியேக்கா. எங்கண்ணனுக்கு அவ்ளோதானா?" என்றாள்.

நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன். மடியில் இருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஆமாம், உன் பெட்டி நாலடி தள்ளி இருக்கும்போது. பெங்களூரிலிருந்தும் தில்லியிலிருந்தும் பாராட்டு. இவ்வளவு கண்ணியமான அஞ்சலியைப் பார்த்ததில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் அதை இரண்டாவது தடவையும் படித்தேன்.

ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் எலியட்ஸ் பீச் பக்கம் போனேன். குப்பத்துக்குள் திரும்பும் இடத்தில் டீக்கடை மதிலோரம் வலை பின்னியபடி உட்கார்ந்திருந்தார் அருள். உன்னோடு கட்டுமரத்தில் ஏறி வளர்ந்தவர். ஒருமுறை அவர் படகில் நீ கண் வரையும்போது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாயே, அவர்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார்.

"இன்னாம்மா, நல்லா கீறியா? படக்காரன் எப்டி கீறான்? ஆளே காணோம். புது போட் ஒண்ணு வாங்கிக்கீறேன், கண்ணு வெக்கணும்னு சொல்லு அவன்கிட்ட."

அவர் தலைக்கு நேர் மேலே மதிலில் என் சுவரொட்டி இருந்தது. ஒரு மூலை கிழிந்து தொங்கியது.

நான் மதிலைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"இன்னா?"

"அவன் போயிட்டான். இது அவனுக்குப் போட்ட போஸ்டர்."

அருள் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் போய், சின்ன எழுத்தை விரலால் தடவினார். "இதுவா? பென்சில் கம்பெனி வெளம்பரம்னு இல்ல நெனச்சேன். தெனம் இதுக்குக் கீழதான் உக்காந்துனு கீறேன்" என்றார். குரல் உயரவே இல்லை. "மூஞ்சியப் பாத்திருந்தா குப்பமே வந்திருக்கும். ஒரு பிடி மண்ணு போட்டிருப்பேன்."

"என் தப்புதான். படம் வேண்டாம்னு நான்தான் முடிவு பண்ணினேன்."

அவர் வலையைச் சுருட்டி டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, லுங்கியை இறக்கிக் கட்டிக்கொண்டு, "எங்க வெச்சிக்கீறாங்க? இட்டுனு போ" என்றார். ஆட்டோவில் பாதி வழியில் கேட்டார்: "அவன் பென்சில்லயே போட்டதில்லியேம்மா. பெயின்ட்லதான் போடுவான். நீ ஏன் பென்சில் போட்ட?" குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கல்லறையில் மண் அதற்குள் இறுகிவிட்டது. அருள் நகத்தால் கிளறிக் கொஞ்சம் எடுத்து மறுபடி அங்கேயே போட்டார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அங்கிருந்து நேரே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். ஆறப்போட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவள் சமையற்கட்டில் இருந்தாள். நின்றபடியே சொன்னேன்: கோயிலுக்கு ஆள் வராததற்குக் காரணம் உன் அண்ணன் இல்லை, என் போஸ்டர், பார்த்தவர்களுக்கு அது அவன் என்று தெரியவில்லை, அருள் தினமும் அதன்கீழ் உட்கார்ந்திருந்தார், குப்பமே வந்திருக்கும் என்று சொன்னார். பூசையில் போனைப் பார்த்ததையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப எங்கண்ணனுக்கு ஜனம் இருந்துச்சு" என்றாள். "நான் தெனம் அத்தயே நெனச்சினு அழுதேன்கா. இவ்ளோ வருசம் எல்லாருக்கும் செஞ்சிட்டு யாருமில்லாம போய்ட்டாரேன்னு. அப்ப இருந்துச்சு." அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தண்ணீரைக் குடிப்பதைப்போல் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சுவரொட்டி செய்து தரட்டுமா, அவள் சொன்னபடியே செய்கிறேன் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வேணாங்கக்கா, டேனி ஒரு கடையில குடுத்துட்டான்" என்றாள். சரிதான் என்று எழுந்து வந்தேன்.

முப்பதாம் நாள் கோயிலில் உட்கார இடம் இல்லை. குப்பம் திரண்டு வந்திருந்தது. அருள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்று எல்லாரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். உன் கையால் படகுக்குப் பெயர் எழுதிக்கொண்டவர்கள், உன் அம்மாவிடம் மீன் வாங்கிய அடையாற்றுப் பெண்கள் சிலர், தி. நகரிலிருந்து அண்ணாச்சியின் மகன். வாசல் தூணில் புதிய சுவரொட்டி. நீ அந்தக் கடற்கரைச் சிரிப்போடு முக்கால் தாளை அடைத்திருந்தாய். நெற்றிக்கு மேல் கொட்டை எழுத்தில் படக்காரன். புறா, மேகம், மெழுகுவத்தி, நீலத்தில் ரோஜாப்பூ. கீழே ஸ்டெல்லா, அவள் வீட்டுக்காரர், டேனி, அருள் எல்லாரும் சின்னச் சின்ன வட்டங்களுக்குள்.

அந்த வரிசையில் நானும் இருந்தேன். கல்லூரி இணையதளத்தில் இருக்கும் என் படத்தை எடுத்து வட்டமாக வெட்டியிருந்தார்கள். கீழே, ஜாணகி (சகோதரி).

பின்னாலிருந்து டேனி வந்தான். "ஸ்பெல்லிங் தப்பா ஆன்ட்டி? அம்மா எழுதிக் குடுத்த மாதிரியே அடிச்சேன்."

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

உள்ளே ஒரு வயதான அம்மாள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். வாசலில் பார்த்த படத்தோடு ஒப்பிடுகிறாள் என்று தெரிந்தது. "நீ அவனுக்கு இன்னா ஆவணும்?" என்றாள். முன் வரிசையிலிருந்து ஸ்டெல்லா திரும்பி, "எங்கக்கா, ஆயா" என்று சொல்லிவிட்டு மறுபடி பாட்டுப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பூசை முடியும்வரை விடவில்லை. நானும் தலை நிமிரவில்லை.

உன்னை அறிந்தவள் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டேன். நீ இருந்தபோது உன் கையை மட்டும் அறிந்திருந்தேன். அந்தக் கை யாருக்காக வரைந்தது என்பதை நீ போனபிறகு, உன்னைக் காணாமல் தவித்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் வெட்டி எறிந்த பெயர்களுக்கு நடுவே அவர்கள் எனக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். தப்பாக எழுதிய என் பெயரும், அதன் பக்கத்தில் அடைப்புக்குள் நிற்கும் அந்த உறவும்தான் இப்போது என்னிடம் இருப்பவை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போகிறேன். அவள் அக்கா என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், என்னைத்தானா என்பதுபோல் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் திரும்புகிறேன்.